படுக்கையின் ஒழுங்கும் முழங்காலின் நோவும்

 

வல்ல அல்லாஹ் நமக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளில் நாம் எண்ணிப் பாராமலே அனுபவித்து வருவது உறக்கம். உண்ணும்போது பிஸ்மி சொல்கிறோம். புத்தாடை அணியும்போது அல்ஹம்து லில்லாஹ் என்கிறோம். தலை சாய்த்ததும் கண் அயர்ந்துவிடுகிற மனிதனுக்கோ, அது ஒரு கொடை என்ற நினைவே வருவதில்லை. அது கிடைக்காமல் போன வீட்டில்தான் அதன் விலை தெரிகிறது. திருமறையின் ‘அந்நபஉ’ அத்தியாயத்தில் உறக்கத்தை இளைப்பாறுதலாக ஆக்கியிருப்பதாக இறைவன் கூறுகிறான். ‘அர்ரூம்’ அத்தியாயத்திலோ இரவிலும் பகலிலும் நாம் உறங்குவதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே எண்ணிக் காட்டுகிறான். வானமும் பூமியும் எந்தப் பட்டியலில் வருகின்றனவோ, அதே பட்டியலில் நம்முடைய உறக்கமும் வருகிறது!

இந்தப் பீடிகைக்குக் காரணம், பூந்தமல்லிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் ஒரு குடும்பத்தில் எழுந்த கேள்வி. போரூரிலிருந்து பூந்தமல்லி செல்லும் நெடுஞ்சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் இடையே இருக்கும் ஊர் அது. இன்று சாலை நடுவே மெட்ரோ ரயிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இரு புறமும் அடுக்கு மாடி வீடுகள். அப்படியொரு வீட்டின் இரண்டாம் மாடியில் எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. இரு முழங்கால் மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. “ஒருக்களித்துப் படுங்கள், இரு முழங்கால்களுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகனும் அதற்கென்றே நடுவில் ஒடுங்கிய வடிவத்தில் செய்து விற்கும் பஞ்சணை ஒன்றை வாங்கி வந்தார். அம்மா அதைத் தொடவில்லை. “தலைக்கு வைக்கிற பொருளைக் காலிடுக்கில் வைப்பதா? அது முஸீபத்து. நாயகம் அவர்கள் பாயில் படுத்தார்கள், எனக்கு இரண்டு தலையணையா?” என்று சொல்லிவிட்டாராம். பஞ்சணை அலமாரியின் மேல் ஏறிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டியிருக்காது. வலியால் அந்த அம்மா நள்ளிரவு இரண்டு மணி, மூன்று மணி வரை புரண்டு புரண்டு கிடக்கிறார். பிறகு அசதியில் கண் மூடுகிறார். விழிக்கும்போது சூரியன் உதித்துவிடுகிறது. அறுபது ஆண்டுகள் ஸுப்ஹு தொழுகையைத் தவறவிடாத ஒருவர், இப்போது வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் கழாச் செய்து அழுகிறார். தலையணையை மறுத்ததும் பேணுதலுக்காக. தொழுகை தவறியதற்காக அழுவதும் பேணுதலால். இரண்டுக்கும் நடுவில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை மார்க்கத்தின் கையாலேயே அவிழ்க்க வேண்டும்.

முதலில் ஓர் ஆறுதல். உறங்கிவிட்டதாலோ மறந்துவிட்டதாலோ தொழுகை தவறினால் நினைவு வந்ததும் தொழுதுகொள்ளும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்திருக்கிறார்கள். வேண்டுமென்று விட்டவரின் கணக்கு வேறு, வலியில் தவறியவரின் கணக்கு வேறு. ஆனாலும் வழியிருக்கும்போது அந்த வழியைத் தேடாமல் இருப்பது நன்றன்று.

நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் படுக்கைக்கு வகுத்துத் தந்த ஒழுங்கு என்ன? பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தொழுகைக்குச் செய்வது போலவே ஒளுச் செய்வது. வலப்புறம் சாய்ந்து படுப்பது. தன்னை முழுவதும் இறைவனிடம் ஒப்படைத்து, அவனையன்றி ஒதுங்குமிடம் இல்லை என்னும் கருத்துள்ள துஆவைக் கடைசிப் பேச்சாக ஓதுவது. இவற்றைத்தான் கற்றுக் கொடுத்தார்கள். பராஉ (ரலி) அவர்கள் அந்த துஆவை அங்கேயே திரும்ப ஓதிக் காட்டியபோது, ‘நபி’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் ‘ரஸூல்’ என்று ஓதிவிட்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் திருத்தினார்கள். கருத்து ஏறத்தாழ ஒன்றுதானே என்று விட்டுவிடவில்லை.

இந்தத் திருத்தத்தை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரே ஒரு சொல் மாறியதற்குத் திருத்தம் சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், காலை எப்படி மடக்க வேண்டும், முழங்கால் முழங்காலைத் தொட வேண்டுமா, நடுவில் துணி இருக்கலாமா என்பது பற்றி அந்தப் பாடத்தில் எதுவும் சொல்லவில்லை. எதைக் கட்ட வேண்டுமோ அதைக் கட்டினார்கள். எதை அவரவர் உடல்நிலைக்கு விட வேண்டுமோ அதை விட்டார்கள். வலக்கரத்தைக் கன்னத்தின் கீழ் வைத்து உறங்குவது அவர்களின் வழக்கம் என்பதை ஹுதைஃபா (ரலி), ஹஃப்ஸா (ரலி) போன்றவர்கள் அறிவித்துள்ளார்கள். குப்புறப் படுப்பதை இறைவன் விரும்புவதில்லை என்ற அறிவிப்பும் உண்டு. பள்ளிவாசலில் மல்லாந்து, ஒரு காலின்மேல் மற்றொரு காலைப் போட்டு அவர்கள் படுத்திருந்ததை அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்கள் கண்டு சொன்ன செய்தி புகாரீயில் இருக்கிறது. காலின்மேல் கால் போடுவதைத் தடுக்கும் மற்றோர் அறிவிப்பு முஸ்லிமில் இருக்கிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்த இமாம்கள், மானம் வெளிப்படும் அச்சம் இருக்கும்போது தடை, அது இல்லாதபோது குற்றமில்லை என்று விளக்கினார்கள். கால்கள் விஷயத்தில் ஷரீஅத் கேட்பது மறைவும் நாணமும்தான்.

சரி, மருத்துவர் ஏன் அப்படிச் சொன்னார்? இது புரிந்தால்தான் தலையணை ஆடம்பரமா அவசியமா என்பது புரியும். வலப்புறம் சாய்ந்து படுத்துப் பாருங்கள். மேலே இருக்கும் இடக்கால் அந்தரத்தில் நிற்காது. முன்புறமாகச் சரிந்து முழங்கால் பாயைத் தொடும். தொடை சரியும்போது இடுப்பெலும்பைத் தன்னோடு இழுக்கிறது. இடுப்பு திரும்பும்போது முதுகுத்தண்டின் அடிப்பகுதி முறுக்கிக் கொள்கிறது. இருபது வயதில் இந்த முறுக்கு ஒன்றும் செய்யாது. மூட்டு தேய்ந்தவருக்கும், முதுகெலும்பின் வில்லை பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குபவருக்கும் ஆறு மணி நேரம் இப்படிக் கிடப்பது பெரும் வேதனை. கால் சரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படுத்தாலோ, இரு முழங்கால்களின் உட்பக்க எலும்புகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. தேய்ந்த மூட்டுக்கு அந்த அழுத்தமும் ஆகாது. நடுவில் ஒரு தலையணை வந்ததும் மேற்கால் இடுப்பின் மட்டத்திலேயே தங்குகிறது. இடுப்பு திரும்புவதில்லை, முதுகு முறுக்குவதில்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் உட்புறமாகச் சாய்ந்து புதிய மூட்டு நழுவிவிடாதிருக்க இதே போல இரு கால்களுக்கிடையே தலையணை வைக்கச் சொல்கிறார்கள். இதில் மாயமும் இல்லை, மோகமும் இல்லை. சுவருக்கு முட்டுக் கொடுப்பது போன்ற வேலை.

வலி உள்ள ஒருவர் என்ன செய்கிறார்? வலப்புறம் சாய்ந்து துஆ ஓதுகிறார். கால் மணி நேரத்தில் வலி எடுக்கிறது. மல்லாந்து படுக்கிறார். அதுவும் சேராமல் குப்புறக் கவிழ்கிறார். தலையணை இருந்தால் வலப்புறத்திலேயே நிலைக்க முடியும். காலிடுக்கில் வைத்த அந்தப் பஞ்சுதான் அவரை சுன்னத்தான படுக்கையில் நிறுத்தி வைக்கிறது என்றால், அதை எப்படி சுன்னத்துக்கு மாறு என்பது?

இனி, தலைக்கு வைக்கும் பொருளைக் காலுக்கு வைக்கக் கூடாது என்ற பேச்சு. இது நம் தமிழ்நாட்டு வீடுகளில் சமய வேறுபாடின்றி உலவும் பேச்சு. தலையணைமேல் உட்காராதே, தலையணையை மிதிக்காதே என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பொருளைச் சீராக வைத்துக்கொள்ளக் குழந்தைகளுக்குச் சொன்ன பழக்கமாக அது இருக்கலாம், அதுவரை நன்று. முஸீபத்து வரும், ரிஸ்க் குறையும் என்று அதற்கு மார்க்கச் சாயம் பூசும்போதுதான் தவறு. தய்யி குலத் தலைவர் ஹாத்திமின் புதல்வர் அதீ, இஸ்லாத்தைத் தழுவுமுன் மதீனாவுக்கு வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே இருந்தது பேரீச்ச நார் அடைத்த ஒரு தோல் தலையணை. அதை எடுத்து விருந்தாளியின் பக்கம் இட்டு, அதன்மேல் அமரச் சொல்லித் தாம் தரையில் அமர்ந்துகொண்டார்கள் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. பெருமானாரின் வீட்டில், அவர்களே சொல்ல, ஒருவர் தலையணைமேல் அமர்ந்திருக்கிறார்! அதற்குப் பிறகும் நாம் தலையணைக்கு ஒரு புனிதத்தைக் கற்பித்துக்கொள்வானேன்?

ஆயினும் ஒன்று. தலைக்கு வேறு, காலுக்கு வேறு என்று வைத்துக்கொள்வது சுத்தத்துக்கு நல்லது. அறிவு சார்ந்த காரணத்தால் பிரித்து வைப்பது வேறு. சகுனத்துக்கு அஞ்சிப் பிரிப்பது வேறு. இறைவசனமோ இறைநாமமோ பின்னிய துணியைக் காலுக்குப் பயன்படுத்தலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

திர்மிதீயில் இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. நீட்டப்பட்டால் மறுக்கலாகாத பொருள்கள் மூன்று: தலையணை, நறுமண எண்ணெய், பால். விருந்தாளிக்கு உபசாரமாகக் கொடுப்பதைக் குறித்த பேச்சு இது என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளார்கள். இருக்கட்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகன் வாங்கி வந்து நீட்டும் தலையணை, விருந்து கொடுப்பவன் நீட்டுவதைக் காட்டிலும் தாழ்ந்ததாகிவிடுமா?

அந்த அம்மா சொன்ன மற்றொரு காரணம் இலேசானதல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் பாயில் படுத்தது உண்மை. விலாவில் பாயின் வரிகள் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். ரோமும் பாரசீகமும் ஆண்ட மன்னர்களின் சொகுசை நினைத்து அழுதார்கள். அவர்களுக்கு இவ்வுலகம், நமக்கு மறுமை என்று பொருள்பட நாயகம் (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். இதைப் படிக்கும் எவரின் உள்ளமும் இளகும். ஆனால் அதே அறிவிப்பில், அவர்களின் தலையின் கீழ் நார் அடைத்த தோல் தலையணை இருந்தது என்றும் வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் அந்தப் படுக்கை நார் அடைத்த தோல் என்றே அறிவித்தார்கள். எளிமை என்பது வெறுந்தரை அல்ல.

அந்த எளிமையின் அளவுகோல் என்ன என்பதை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் நடந்ததாக இமாம் திர்மிதீ தம் ‘ஷமாயில்’ நூலில் தரும் செய்தியில் காணலாம். முரட்டுத் துணி ஒன்றை இரண்டாக மடித்துப் பெருமானாருக்கு விரிப்பது வழக்கம். ஓர் இரவு, இன்னும் மென்மையாக இருக்கட்டுமே என்று நான்காக மடித்து விரித்தார்கள். காலையில், “இரவு எனக்கு என்ன விரித்தீர்கள்?” என்ற கருத்தில் கேட்டார்கள் நாயகம் (ஸல்). விவரம் தெரிந்ததும், அதன் மென்மை தம் இரவுத் தொழுகையைத் தடுத்துவிட்டது, பழையபடியே இருக்கட்டும் என்றார்கள். துணி விலை உயர்ந்தது என்றோ, மென்மை ஹராம் என்றோ அவர்கள் சொல்லவில்லை. தொழுகைக்கு எழ முடியாமற் போனதையே காரணமாகக் காட்டினார்கள். அப்படியானால் இந்த அளவுகோலை நம் காட்டுப்பாக்கத்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே தலையணை இல்லாமையல்லவா தொழுகையைத் தடுக்கிறது! எந்த மென்மை எழவிடாமல் அமுக்குகிறதோ அதைக் குறைத்துக்கொள். எந்த முரட்டுத்தனம் உறங்கவிடாமல் செய்து விடியலில் வீழ்த்துகிறதோ அதையும் நீக்கிக்கொள். இரண்டு மடிப்பா, நான்கு மடிப்பா என்பதை உன் ஸுப்ஹு சொல்லும்.

இளைஞர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. மூட்டில் எந்த நோவும் இல்லாத வாலிபர்கள் நான்கு தலையணைகளை நாற்புறமும் அடுக்கிக்கொண்டு, கைப்பேசியை மார்பில் வைத்தபடி இரவு ஒரு மணிக்கு உறங்கி எட்டு மணிக்கு எழுகிறார்களே, அவர்கள் இந்தக் கட்டுரையைத் தங்களுக்கு ஃபத்வாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு மடிப்புச் செய்தி அவர்களுக்குத்தான்.

முதியவர்களிடம் மீண்டும் வருவோம். அம்ரு பின் ஆஸின் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இளமையில் நாள்தோறும் நோன்பு, இரவெல்லாம் வணக்கம் என்று இருந்தார்கள். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரது வீட்டுக்கே வந்தார்கள். அமர்வதற்காக அப்துல்லாஹ் (ரலி) நார் அடைத்த தோல் தலையணையைப் போட்டார்கள். பெருமானார் தரையிலேயே அமர, தலையணை இருவருக்கும் நடுவில் கிடந்தது. இந்தச் சிறு விவரத்தைக்கூட அவர் மறக்காமல் அறிவிக்கிறார். உன் உடலுக்கு உன்மீது உரிமை உண்டு, உன் கண்ணுக்கு உரிமை உண்டு, உன் மனைவிக்கு உரிமை உண்டு என்று அவருக்குப் போதிக்கப்பட்டதையும் அவரே அறிவிக்கிறார். அவர் அப்போதும் இன்னும் கூடுதலாகச் செய்ய அனுமதி கேட்டுக்கொண்டே போனார். காலம் சென்றது. முதுமை வந்தது. உடல் தளர்ந்த பிறகு, நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே என்று அவர் ஏங்கியதாக புகாரீயில் இருக்கிறது. ஸஹாபி ஒருவரின் வாயிலிருந்து வந்த இந்த ஏக்கத்தை, நோவைச் சகிப்பதே பக்தி என்று எண்ணும் நம் தாய்மார்கள் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். சலுகை என்பது அல்லாஹ் தரும் அன்பளிப்பு. அதைத் திருப்பி அனுப்புவதில் என்ன பெருமை?

நாட்டுப்புற அரபிகள் வந்து, மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே பதில் கிடைத்தது. முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து உண்டு என்ற கருத்தும் அதில் அடங்கியிருந்தது. உஸாமா பின் ஷரீக் (ரலி) அவர்களின் அறிவிப்பு இது. தேய்ந்த மூட்டைத் தலையணை வளரச் செய்யாது. முதுமையை அது விரட்டாது. நோவைக் குறைத்து இரவைக் கடக்க உதவும், அவ்வளவே. கடைகளில் இதைப் பற்றிப் பெருமையாக எழுதி விற்பதையெல்லாம் நம்பிவிட வேண்டாம்.

வலமா இடமா என்ற சந்தேகமும் பல வீடுகளில் இருக்கிறது. கருவுற்ற மருமகளிடம் மருத்துவர் இடப்புறம் படுக்கச் சொல்கிறார். மாமியோ வலப்புறம்தான் சுன்னத்து என்கிறார். நடுவில் அந்தப் பெண் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்க்கிறாள்! உண்மையில் கருவின் 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து உறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். இடம், வலம் இரண்டும் பாதுகாப்பில் ஒன்றே என்று 2019இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆகவே பொதுவாக வலப்புறம் படுப்பதில் அச்சமில்லை. ஒரு பெண்ணின் நிலையைப் பார்த்து மருத்துவர் தனியாக இடப்புறம் சொன்னால் அதைக் கேட்பதில் பாவமுமில்லை. முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை, வயிற்றுக்கடியில் மெல்லிய துணி மடிப்பு ஒன்று என்று வைத்துக்கொள்வது அவளுக்கும் இதமளிக்கும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இடப்புறம் நல்லது என்பதும் மருத்துவர் சொல்வதே. வலத் தோளிலோ வல இடுப்பிலோ அடிபட்டவர் வலப்புறம் படுக்க முடியாது.

இப்படிப்பட்டவர்கள் ஒளுவுடன், ஒரு நிமிடமேனும் வலப்புறம் சாய்ந்து துஆவை ஓதிவிட்டுப் பிறகு தங்களுக்கு இதமான பக்கம் திரும்பிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர் ஓதுவதை விட வேண்டாம். நின்றும் அமர்ந்தும் விலாப்புறங்களில் சாய்ந்தும் தன்னை நினைப்போரை ‘ஆலு இம்ரான்’ அத்தியாயத்தில் புகழ்கிற இறைவன், அங்கே வல விலா, இட விலா என்று பிரித்துச் சொல்லவில்லை. ‘அல்கஹ்ஃப்’ அத்தியாயத்தில் வரும் குகைத் தோழர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக உறங்கிய அந்த இளைஞர்களை அல்லாஹ்வே வலப்புறமும் இடப்புறமுமாகப் புரட்டிக் கொண்டிருந்ததாகக் கூறுகிறான். ஒரே பக்கம் கிடந்தால் உடல் கெடும் என்பதே அதன் காரணம் என விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை மணிக்கணக்கில் ஒரே பக்கம் விட்டுப் புண் வரவிடுகிற வீடுகள் அந்த அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை தோறும் ஓதினால் மட்டும் போதாது. உறக்கத்தில் நாம் நம்மை அறியாமலே புரள்கிறோம். அதற்குக் கேள்வி கணக்கு இல்லை. ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள், வலப்புறம் ஆழ்ந்த உறக்கத்தில் அமிழாமல் எழுவதற்கு உதவும் என்றும், செரிமானத்துக்காகச் சிறிது நேரம் இடப்புறம் திரும்பிப் பின் வலப்புறம் வருவது நன்று என்றும் எழுதினார்கள். அது அவர்கள் காலத்து மருத்துவ அறிவு; மார்க்கச் சட்டமல்ல. இடப்புறத்தை அவர்கள் பகையாகக் காணவில்லை என்பதற்காகவே இங்கே குறிப்பிட்டோம்.

கிப்லாவை நோக்கிப் படுப்பது பற்றியும் இரண்டு வரி. கப்ரில் மையித்தை வைப்பது போல வலப்புறம் சாய்ந்து முகம் கிப்லாவை நோக்கப் படுப்பதை இமாம் கஸ்ஸாலி அவர்கள் உறக்கத்தின் ஒழுங்குகளில் சேர்த்திருக்கிறார்கள். சென்னைப் பகுதிக்குக் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. ஆகவே இங்கே அப்படிப் படுப்பவரின் தலை வடக்கே வரும். “வடக்கே தலை வைக்காதே” என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டு நம்மவர்களும் அஞ்சுகிறார்கள். நம் மையித்தெல்லாம் வடக்கே தலை வைத்துத்தான் கிடக்கின்றன. உயிரோடிருப்பவர் அப்படிப் படுத்தால் என்ன வந்துவிடும்? அதே சமயம், அடுக்கு மாடி வீட்டின் பத்தடி அறையில் கட்டிலைத் திருப்ப இடமில்லை என்றால் அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். இது ஒழுங்கு, பர்ளு அல்ல.

இனித் தலையணைக்கு வருவோம். விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பழைய பருத்திப் புடவைகள் இரண்டை இறுக்கிச் சுருட்டி, உறைக்குள் போட்டுத் தைத்தாலே போதும். இலவம் பஞ்சுத் தலையணை முதலில் இதமாக இருக்கும்; நாளடைவில் நடுவில் அமுங்கிவிடும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். கனம் எவ்வளவு என்றால், ஒருக்களித்துப் படுத்தவரின் மேல்முழங்கால் இடுப்பின் மட்டத்துக்கு வர வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் இடுப்பு எதிர்ப்பக்கம் இழுக்கும், குறைந்தால் பயனில்லை. முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால் வரை நீண்டிருந்தால் பாதம் தொங்காது. கடையில் விற்கும் சிறிய பஞ்சணையைவிட வீட்டில் சுருட்டிய நீண்ட தலையணை இந்த விஷயத்தில் மேல் என்பது நம் எண்ணம். காலோடு கட்டிக்கொள்ளும் பட்டை உள்ளவையும் வருகின்றன. இரவில் எழுந்து செல்லும் முதியவர்கள் அதைக் கட்டியிருப்பதை மறந்து இடறி விழ இடமுண்டு; பட்டை வேண்டாம். கால் நரம்பு புடைத்தவர்களும் இரத்த ஓட்டத்தில் கோளாறுள்ளவர்களும் இறுக்கிக் கட்டவே கூடாது.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. மல்லாந்து படுத்துக்கொண்டு முழங்காலின் அடியில் தலையணை வைத்து மடக்கியே உறங்குவதைத் தேய்மானம் உள்ளவர்கள் வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது. அப்போதைக்கு இதமாக இருக்கும். நாளடைவில் முழங்கால் முழுவதும் நீளாமல் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களுக்கு இதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். முழங்கால்களின் நடுவே என்பதும் முழங்காலின் கீழே என்பதும் வேறு வேறு. அறுவை செய்தவர்கள் எதையும் தங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யட்டும்.

இரவில் எழுந்து தொழ இயலாத அளவுக்கு நோயுற்றவர்கள் படுத்தபடியே தொழலாம் என்பது அறிந்ததே. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழுக, இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் விலாவில் சாய்ந்து என்று அனுமதி கிடைத்தது. ஷாஃபியீ மத்ஹபில் கிப்லாவை நோக்கி வலப்புறம் சாய்வது சிறப்பு. ஹனஃபீ மத்ஹபில் மல்லாந்து, பாதங்கள் கிப்லாவின் பக்கம் இருக்க, தலைக்கடியில் தலையணை வைத்து முகத்தைக் கிப்லாவுக்கு உயர்த்துவது சிறப்பு. முடிந்தால் முழங்கால்களை உயர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களிலேயே தலையணைக்கு இடமிருக்கிறது என்பதைக் காணும்போது, அதற்கு முஸீபத்து என்று பெயர் வைத்தவர் யாரோ என்று கேட்கத் தோன்றுகிறது.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. ஸஹாபாக்களில் பெரும் அறிஞரான அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்களைக் குறிப்பிடும்போது அபுத்தர்தா (ரலி) அவர்கள், பெருமானாரின் காலணிகளையும் தலையணையையும் ஒளுவுக்கான நீர்ப்பாத்திரத்தையும் பொறுப்பேற்றிருந்தவர் என்று அடையாளம் சொன்னார்கள். கூஃபா நகருக்கே குர்ஆனும் மார்க்கச் சட்டமும் கற்பித்த ஆசானுக்கு இதுவும் ஓர் அடையாளம்! தாயின் தலையணையை எடுத்து வைப்பது மருமகளின் வேலை, பணிப்பெண்ணின் வேலை என்று ஒதுங்கும் ஆண்மக்கள் இதைக் காதில் வாங்கட்டும். “அம்மா, அலமாரிமேல் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது கொடுத்ததாகாது. மூட்டு தேய்ந்தவர் எப்படி அலமாரிமேல் எட்டுவார்? வாங்கி வந்த அன்றோடு உங்கள் கடமை முடியவில்லை.

படுக்கும் முன் விரிப்பை உதறுவது சுன்னத்து. குனிய முடியாதவருக்காக நீங்கள் உதறுங்கள். அவர் ஒளுச் செய்து வந்ததும் வலப்புறம் சாய உதவி, தலையணையை முழங்கால்களுக்கு நடுவே கணுக்கால் வரை பொருத்தி, போர்வையை மேலே போடுங்கள். துஆவை அவர் ஓதி முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள். நள்ளிரவில் மறுபக்கம் திரும்பினால் தலையணையும் கூடத் திரும்ப வேண்டும். முதல் சில இரவுகளுக்கு யாராவது பக்கத்திலேயே படுத்திருப்பது நல்லது. தண்ணீர்ச் சொம்பை மூடி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். விளக்கை அணைக்கும் முன், ஸுப்ஹுக்கு எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.